சாந்தோம் கிராணி நலம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, அதிலும் ஒரு வருஷம் அம்மை போட்டுப் பாதி நாள் போகவில்லை. ஒற்று எங்கே போடவேண்டும், எங்கே விடவேண்டும் என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். போதாததற்கு மறதி வேறு. முன்னால் நடந்தது பின்னால் வருகிறது, பின்னால் நடந்தது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாயால் சொல்லிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான் ரேடியோச் செய்தி கற்றுக்கொண்டவள் என்றால் யாரும் நம்புவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நம்பாமல் இருப்பதைத்தான் அந்த வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

யுத்த காலம். எங்கள் வீடு சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால், கடல் இரைச்சல் கேட்கிற தெருவில் இருந்தது. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். அண்ணன் மலாய் நாட்டுக்குப் போய் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களுக்கு வருகை எழுதும் வேலையில் இருந்தான். அங்கே அந்த வேலைக்குக் கிராணி என்று பெயர். ஜப்பான்காரன் அந்த நாட்டில் இறங்கியதிலிருந்து அண்ணனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பிறகு சிங்கப்பூரும் விழுந்தது. அம்மா சாயங்கால ஜெபமாலையை முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். அப்பா அண்ணனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அவர் மனசுக்குள் ஏதோ முடிவு கட்டிவிட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு சொன்னார். லஸ் பக்கம் ஒரு பங்களாவில் பெண்கள் சங்கம் ஒன்று வகுப்பு நடத்துகிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் வரலாம். ரேடியோச் செய்தியைக் கேட்டு எழுதவும், திருத்தி வாசிக்கவும், ஊரில் பரவும் புரளியைப் பிரித்து அறியவும் சொல்லித்தருவார்கள். அப்பா என்னைப் பார்த்தார். ரேடியோ இருக்கிற வீட்டுக்குள் நம் ஆள் ஒருத்தர் போய் வந்தால் மலாய்ச் செய்தி ஏதாவது காதில் விழும் என்பது அவர் எண்ணம். வாயைத் திறக்காத பெண்ணை வாசிக்கிற வகுப்புக்கு அனுப்புகிறாரே என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

கச்சேரி ரோடு வழியாக நடந்து போவேன். வகுப்பில் மயிலாப்பூர்ப் பெண்கள்தான் அதிகம். சொல்லித்தந்தவர் அந்த வேக்காட்டிலும் கோட்டைக் கழற்றமாட்டார். எங்களுக்குள் அவரைக் கோட்டுக்காரர் என்போம். எங்கிருந்து வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தி பத்திரிகை ஆபீசில் இருந்தவர் என்றாள். இன்னொருத்தி ரேடியோ நிலையத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றாள். என் பக்கத்தில் உட்காரும் மாடவீதிப் பெண், "நன்னா பாரு, நாம பேசறச்சே எழுதிக்கறார். போலீஸா இருக்கும்" என்று காதைக் கடித்தாள். அவளுக்கு என் வயதுதான். கல்யாணமாகி, புருஷன் டில்லியில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தான். அந்த வகுப்பில் என்னோடு பேசினவள் அவள் ஒருத்திதான்.

பாடம் நடக்கிற முறையைச் சொல்லவேண்டும். உள் அறையில் ஒரு மைக். அதிலிருந்து கம்பி போட்டு வராந்தாவில் ஒரு பெட்டி. ஒருத்தி உள்ளே உட்கார்ந்து செய்தி வாசிப்பாள். மற்றவர்கள் வராந்தாவில் இருந்து பெட்டி சொல்வதை எழுதவேண்டும். பெட்டிக்குள் போய் வெளியே வந்ததும் தெரிந்த பெண்ணின் குரல்கூடத் தெரியாத குரலாகிவிடும். எங்களுக்கு எழுத்து வேகம் போதாது. அதனால் ஒரு செய்தி முடிந்ததும் வாசிக்கிறவள் வெண்கலக் கிண்ணத்தில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். அது அடங்குவதற்குள் முந்தின வரியை எழுதி முடித்து அடுத்ததற்குக் காதைத் தயார் செய்துகொள்ளவேண்டும். இது நம் வசதிக்காகச் செய்த ஏற்பாடு, நிஜ ரேடியோவில் கிடையாது என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வாசிக்க என் முறை வரும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடும். ஆனால் காதில் விழுந்ததை எழுதுவதில் ஒரு சொல்கூட விட்டுப்போகாது. ஒரே நாள் செய்தியைப் பத்திரிகையிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். 'நமது படைகள் முன்னேற்பாட்டின்படி புதிய இடங்களை அடைந்தன' என்று வந்தால், பழைய இடம் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டும். 'சேதம் அற்பம்' என்றால் யாருக்கு அற்பம். 'கூறப்படுகிறது' என்றால் யாரால். சொன்னவர் தன் காதால் கேட்டாரா, கண்ணால் பார்த்தாரா, சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"வஞ்சிரம் வெல ஏறிடுச்சாம்" என்றாள் அம்மா ஒருநாள்.

"யார் சொன்னாங்க?"

"மீன்காரி சொன்னா. பின்ன, கவர்னரா வந்து சொல்லுவாரு?"

"ஏறிடுச்சுன்னு சொன்னா அவளுக்குத்தானே லாபம்?"

"இன்னிக்கிக் கொழம்பு கெடயாது. அதுல உனக்கு இன்னா லாபம்னு பாத்துக்கோ" என்று அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எதிரி ரேடியோ தமிழில் பேசுகிறது என்பது ஊருக்கே தெரியும். அதில் கேட்டதை வெளியே சொன்னால் பிடித்துப் போவார்கள் என்பதும் தெரியும். கோட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: மலாய் நாட்டில் இருக்கிற நம் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து 'இன்னார் நலம்' என்கிறார்களாம், பெயர் கேட்க ஆசைப்பட்டுத் தாய்மார்கள் காதைக் கொடுப்பார்கள், அந்தக் காதில் பிறகு எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். 'என்கிறார்களாம்' என்றாரே, யார் கேட்டது என்று கேட்க எனக்குத் துடித்தது. நாக்கு எழவில்லை. அன்றைக்கு மாடவீதிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பற்றி எல்லாம் கேட்டாள். எந்தத் தோட்டம், என்ன வேலை, எங்கள் தெருவுக்கு என்ன பெயர் என்று. ஆறுதலாக இருந்தது. சொன்னேன்.

ஒருநாள் எங்களைத் தியாகராய நகர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஜனங்கள் கேட்பதற்குக் கார்ப்பரேஷன் வைத்த ரேடியோ உண்டு. செய்தி முடிந்ததும் ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வரவேண்டும், அதுதான் அன்றைய பாடம். பெஞ்சியில் இருந்த ஒருவர், "புது எடத்துக்கு வந்துட்டாங்களாம்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அதே எடத்துக்குத்தான் நம்ம வூட்டு எலியும் போவும், பூனையப் பாத்தா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்து நான் அந்தப் பேச்சை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கோட்டுக்காரர் படித்துவிட்டு, "சொன்னவர் யார்? கடைக்காரர் மாதிரி இருந்தாரா? எந்தக் கடை?" என்றார். பேச்சைக் கேட்டு வரச் சொன்னவருக்கு ஆள் எதற்கு? முகம் பார்க்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். பார்த்திருந்தேன். அன்றிலிருந்து அவர் எதிரில் நான் பேனாவைத் திறப்பதற்கு முன் இரண்டு தரம் யோசிப்பேன்.

வெயில் ஏறிய சமயம், ஊரைக் காலி செய்கிற பேச்சு வந்தது. வேலை இல்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போவது நல்லது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. கடலிலிருந்து கப்பல் சுடும் என்றார்கள், வானத்திலிருந்து குண்டு விழும் என்றார்கள். அடையாற்றுப் பாலத்தில் கட்டிலும் கோழிக்கூடுமாக வண்டிகள் போயின. அப்பாவின் பள்ளிக்கூடத்தைச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். நாங்களும் கூடப் போவதாக ஏற்பாடு. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். சுவரிலிருந்து மாதா படத்தையும் இறக்கிப் புடைவையில் சுற்றி வைத்தாள்.

எனக்கு அப்போது காய்ச்சல் வந்து வகுப்புக்குச் சில நாள் போகவில்லை. காய்ச்சல் விட்ட அன்று கண்ணைத் திறந்தால் படம் மறுபடி சுவரில் இருக்கிறது. சாக்குகள் அவிழ்ந்து கிடக்கின்றன. அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணன் நல்லாக்கீறான்டி. ரேடியோவுல சொன்னாங்க. சீக்கிரம் ஊருக்கு வரானாம்."

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் லஸ் பக்கமும் ஊற்றுவாள். அவள் தன் காதால் கேட்டு ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். அம்மா அவளுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"நீ வா. அங்க போய் அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அப்பா.

"வீட்டப் பூட்டிட்டுப் போனா புள்ள வந்து எங்க நிப்பான்? நான் வரல. நீங்க பள்ளிக்கூடத்தக் கூட்டிக்கினு போங்க."

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தெருவே காலியாகிக்கொண்டிருந்தது. கடற்கரையை ஒட்டிய தெருவில் அம்மா ஒருத்தி தனியாக இருப்பது என்றால்? அவள் அசையவில்லை. அந்தச் சேதி நிஜமா என்பதில்தான் எல்லாமே இருந்தது. நான் பால்காரிக்காக வாசலில் காத்திருந்தேன்.

"உன் காதாலயே கேட்டியா?"

"பின்ன எரும காதாலயா கேட்டேன்? இன்னா பாப்பா, போலீசு கணக்கா கேக்குற? லஸ்ல அந்தப் பெரிய பங்களா கீதே, அங்க பின்னால பால் ஊத்திக்கினு இருந்தேன். பொட்டி பேசிச்சு. 'சாந்தோம் மாதா கோயில் பின் தெரு, சித்திர வாத்தியார் மகன், மலாய் நாட்டில் கிராணி, நலம். விரைவில் ஊர் திரும்புவார். தாயாருக்குத் தெரிவிக்கவும்'னு ரெண்டு தபா சொல்லிச்சு. அதுக்கு மின்ன ஒரு மணி அடிச்சிது, அதுக்குப் பின்ன ஒண்ணு."

"என்ன மணி?"

"சின்னதா, டங்குனு. கிண்ணத்தத் தட்னா மாரி."

எனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது போல இருந்தது. அவள் சொன்னது எங்கள் வகுப்பு நடக்கிற பங்களா. கிண்ணம் தட்டுகிற ரேடியோ இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

மாடவீதிக்கு நடந்தேன். அவள் வீட்டு வாசலிலும் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தெருவுக்கு வந்து என்னைப் பார்த்ததும், "ஆத்துல எல்லாரும் மூட்டை கட்டிண்டிருக்கா. நீ என்னடி ஒடம்பு சரியில்லாம இங்க வந்து நிக்கறே?" என்றாள்.

"கிராணிச் சேதி நீ எழுதினதா?"

"ஓ, அதுவா!" அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீ வராத அன்னிக்கு ஒரு பாடம் வெச்சார். ஆளுக்கு ஒரு பொய்ச் செய்தி எழுதணும், மத்தவா அதுல பொய் எங்கேன்னு கண்டுபிடிக்கணும். என்னோடதை ஒருத்தராலயும் பிடிக்க முடியலை. தெருப் பேரும் தகப்பனார் வேலையும் போட்டேன் பாரு, அதான் சூட்சுமம். மெச்சிண்டார்."

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. பிறகு, "நல்ல சேதிதானேடி, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"அம்மா ஊரைவிட்டு வரமாட்டேங்குறாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"நானா? என் ஆத்துக்காரர் சர்க்கார் உத்தியோகம். எதிரி ரேடியோ மாதிரி எழுதினேன்னு வெளியில தெரிஞ்சா? என் பேரை இழுக்காதேம்மா, நமஸ்காரம் பண்றேன்." உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே, அது ஆறுதலுக்கா பாடத்துக்கா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே பங்களாவுக்குப் போனேன். கோட்டுக்காரர் வராந்தாவில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். நடந்ததைச் சொல்லி, எங்கள் வீட்டுக்கு வந்து அது பாடத்துக்காக எழுதியது என்று என் தாயாரிடம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

"அப்படி ஒரு பாடம் இங்கே நடக்கவில்லை" என்றார்.

"நடந்தது சார்."

"யார் சொன்னார்கள்?"

"எழுதினவங்களே சொன்னாங்க."

"யார் அவர்?"

பெயரைச் சொல்லவில்லை. அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா?" என்றார்.

"இல்லை."

"அப்படியானால் சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, இவர் வேண்டுமென்றே பால்காரி வருகிற நேரம் பார்த்து வாசிக்க வைத்தாரோ, எங்கள் தெருவில் சேதி எப்படிப் பரவுகிறது என்று சோதித்தாரோ என்றெல்லாம் நினைத்தேன். அந்த நினைப்பும் முழுசாகப் போய்விடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"உங்கப்பா சொல்லச் சொன்னாரா?"

"இல்லம்மா."

"நான் வண்டியேறணும், அதுக்கு அவரு சொல்லி நீ கட்டுற கதை. பொய் எப்பிடிக் கட்டுறதுன்னுதானே அங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"பொய்யக் கண்டுபிடிக்கம்மா."

"கட்டத் தெரிஞ்சாத்தானே கண்டுபிடிக்க முடியும். சரி, அந்தக் கோட்டுக்காரர இட்டுக்கினு வா. அவரு வாயால சொல்லட்டும், கெளம்புறேன்."

மறுநாள் அந்தப் பங்களாவின் கேட்டில் பூட்டு தொங்கியது. மாடவீதிப் பெண்ணும் கும்பகோணம் போய்விட்டாள். என் பக்கத்தில் சாட்சி என்று யாரும் மிஞ்சவில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தோடு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நீயாவது வரியா?" என்றார். நான் இருந்துவிட்டேன். அம்மா சொன்னதை நான் நம்பவில்லை, நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். அம்மா கோயிலுக்குப் போகும்போது கதவைப் பூட்டமாட்டாள், பிள்ளை வந்தால் உள்ளே போய் உட்காரட்டும் என்று. காலித் தெருவில் திறந்த வீடு. நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பூட்டுவேன். திரும்பி வந்து பூட்டைப் பார்த்ததும், "யார் வந்துடுவாங்கன்னு பூட்டுனே?" என்பாள். யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். தெருவில் நடக்கிற ஒவ்வொருவரையும் ஜன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் குண்டு விழவில்லை. போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள், அப்பாவும் வந்தார். அந்தச் சேதியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

யுத்தம் முடிந்து, கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு அண்ணன் வந்தான். பாதி உடம்பாக வந்தான். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அத்தனை வருஷம் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ரேடியோவுல நீ சொல்லி அனுப்புனது வந்துச்சுடா."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். "ஆமாம்மா. பேர் குடுத்தேன்" என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முதுகிலேயே சிரிப்பு தெரிந்தது.

அப்புறம் கிணற்றடியில் அவன் தனியாக இருந்தபோது கேட்டேன். "நிஜமாவே குடுத்தியா, அம்மா சொன்னதுக்காகச் சொன்னியா?"

"நிஜமாத்தான். தோட்டத்துக்கு ஆள் வந்து பேர் கேட்டாங்க. வரிசையில நின்னு குடுத்தோம்."

"எப்போ?"

"மழை பேஞ்சுக்கினு இருந்தது."

"அங்கதான் எப்பவும் மழையாச்சே."

"அதான் சொல்றேன். எப்பவோ."

"வாசிச்சாங்களா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எங்ககிட்ட ரேடியோ ஏது? இன்னாடி நீ, ஜப்பான்காரன்கூட இவ்ளோ கேக்கல."

"என்ன சொல்லச் சொன்னே?"

"நலம்னு. சீக்கிரம் வரேன்னு. எல்லாரும் அதான் சொன்னாங்க. வேற இன்னா சொல்லுவாங்க?"

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அம்மா கடைசிவரை தான் சொன்னதே சரி என்று இருந்து போய்ச்சேர்ந்தாள். சாகிற வருஷம்கூட வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவ ரேடியோவையே நம்பாதவ" என்றாள். அண்ணனும் போய்விட்டான். பால்காரி கேட்டது எங்கள் பங்களாப் பெட்டி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பால்காரி சொல்வதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு யாராவது, போலீஸுக்குப் பயந்து பெயர் சொல்லாமல், அம்மா காதில் இதே சேதியைப் போட்டார்களா? மூட்டையை அவ்வளவு உறுதியாக அவிழ்த்தாளே, ஒரு வாய் சொன்னதை வைத்தா? தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பழைய ரேடியோ விவரங்கள் தெரிந்தவர் யாராவது இருந்தால் பார்த்துச் சொல்லவேண்டும். சிங்கப்பூர் விழுந்து பட்டணம் காலியான அந்த இரண்டு மாசத்துக்குள்ளேயே எதிரி ரேடியோவில் தமிழர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்களா, அல்லது அது பிற்பாடுதானா? பூங்கா ரேடியோவும் அப்பாவின் பள்ளிக்கூடம் மாறியதும் நான் சொன்ன வரிசையில்தான் நடந்தனவா என்பதையும் சரிபார்க்கவும். பெயர்களை எழுதி வைத்த காகிதம் எந்த நாட்டிலாவது மிஞ்சியிருந்தால் அண்ணன் பெயரைத் தருகிறேன். வாசித்திருந்தால் அம்மா சொன்னது சரி, இல்லாவிட்டால் நான் சொன்னது சரி. எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.